பேர் வெட்டிய தட்டு

எங்கள் வீட்டில் நான் சாப்பிடும் தட்டில் என் பெயர் இல்லை. 'சுனிதா' என்று வெட்டியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள், யார் இந்தச் சுனிதா, மருமகளா என்று கேட்பார்கள். மருமகள் பெயர் வேறு. வந்த புதிதில் அவளுக்கே இந்தத் தட்டின் மேல் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. திருப்பூர் ராயபுரத்தில் எங்கள் தெருவில் எதையும் ஒருமுறை விளக்கினால் போதாது என்பதால், இப்போதெல்லாம் "பள்ளிக்கூடத்துத் தட்டு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஆனால் இந்த வட்டாரத்து அரசுப் பள்ளிகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு முழுக் கதையும் தெரிய வேண்டும். சமத்துவம், உள்ளடக்கிய கல்வி என்று உங்களுக்குப் பயிற்சி கொடுத்திருப்பார்கள். திரையில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள், டீயும் வடையும் நன்றாக இருந்திருக்கும். அதை நான் குறை சொல்லவில்லை. அங்கே கெட்ட எண்ணம் உள்ளவர்களை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித் தருவார்கள். நல்ல எண்ணத்தோடு ஒருவர் வந்து வேலியைக் கட்டிவிட்டுப் போனால் என்ன செய்வது என்று சொல்லித் தர மாட்டார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

பெருமாநல்லூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, எட்டாம் வகுப்பு வரை உள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஒன்றில் நான் தலைமை ஆசிரியையாக இருந்தேன். பாதிப் பேர் ஊர்ப் பிள்ளைகள். மீதிப் பேர் லைன் வீட்டுப் பிள்ளைகள். லைன் வீடு என்றால், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு வரிசையாக நிற்கும் ஒற்றை அறைகள். தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களும், அவர்களுக்குப் பின்னால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்களும் அங்கே குடியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சிலர் வீட்டிலிருந்து தட்டு கொண்டுவருவார்கள். இல்லாதவர்கள் பள்ளியின் நசுங்கிய தட்டில் சாப்பிடுவார்கள். எது யாருடைய பிள்ளை என்பது தட்டைப் பார்த்தாலே தெரியும்.

இது குமாரசாமி அண்ணனின் கண்ணில் பட்டுவிட்டது. அவர் அந்தப் பள்ளியில் படித்தவர், இப்போது பனியன் கம்பெனி முதலாளி. அவர் பேரப்பிள்ளைகள் படிப்பது வாசலுக்கே பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும் பள்ளியில். அதைச் சொல்லி நான் அவரைக் கிண்டல் செய்வதுண்டு. "அதுக்குத்தானுங்க டீச்சர், இங்க எதையாச்சும் செஞ்சு சரிக்கட்டறேன்" என்பார். பள்ளி திறந்த ஜூன் மாதம் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க டீச்சர், எல்லாப் புள்ளைகளுக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் வட்டல் வாங்கிக் குடுத்தர்றேன். அனுப்பர்பாளையத்துப் பாத்திரக் கடையில சொல்லி ஒவ்வொருத்தரு பேரும் வெட்டிப் போடலாமுங்க. பேரு இருந்தா, நமக்குன்னு ஒண்ணு இருக்குதுன்னு புள்ளைகளுக்குத் தோணுமில்லீங்க."

தட்டை எங்கள் பக்கம் வட்டல் என்போம். பாத்திரம் வாங்கினால் பேர் வெட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டோம். கல்யாணச் சீராக இருந்தாலும், புது வீட்டுக்குக் கொடுக்கும் சொம்பாக இருந்தாலும் பேர் இருந்தால்தான் எங்களுக்குத் திருப்தி. அதனால் இதில் ஒரு வில்லங்கம் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தட்டுகள் வந்து இறங்கிய அன்று பிள்ளைகள் சாப்பிடக்கூட இல்லை, பேரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் வகுப்பில் முகேஷ் என்று பீகார்ப் பையன் ஒருவன். தன் பெயரைத் தமிழில் எவர்சில்வர் மேல் பார்த்ததும் அவன் தட்டைத் தலைகீழாகப் பிடித்து, பக்கவாட்டில் பிடித்து, எப்படிப் பிடித்தாலும் அது தன் பெயர்தானா என்று சோதித்தான். குமாரசாமி அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

பிறகு தீபாவளி வந்தது.

வெளி மாவட்டத்திலிருந்து வந்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். திருப்பூரில் பள்ளி ஆண்டு ஜூனில் ஒருமுறை தொடங்கும், தீபாவளி முடிந்து இன்னொரு முறை தொடங்கும். கம்பெனிகள் லீவு விட்டதும் போனஸை வாங்கிக்கொண்டு எல்லோரும் ஊருக்குப் போவார்கள். திரும்பி வரும்போது பலர் வேறு கம்பெனிக்கு மாறிவிடுவார்கள். கம்பெனி மாறினால் லைன் வீடு மாறும், லைன் வீடு மாறினால் பள்ளி மாறும். அந்த வருடமும் சில பிள்ளைகள் திரும்பி வரவில்லை, அவர்கள் இடத்தில் புதுப் பிள்ளைகள் வந்தார்கள். போனவர்களின் பேர் வெட்டிய தட்டுகள் அடுக்கின் அடியில் கிடந்தன. வந்தவர்களுக்குப் பேர் வெட்டாத தட்டைக் கொடுத்தோம். புத்தம் புதிய தட்டுதான், ஒரே கடையில் வாங்கியதுதான். அதற்குப் பிள்ளைகள் 'சும்மா வட்டல்' என்று பேர் வைத்தார்கள்.

தட்டுக்கு வைத்த பேர் சீக்கிரமே ஆளுக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் விளையாட்டு நேரத்தில் கபடிக்கு அணி பிரிக்கிறார்கள். "பேரு வட்டலெல்லாம் இந்தப் பக்கம் வா, சும்மா வட்டலெல்லாம் அந்தப் பக்கம் போ" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தேன். சொன்னவன் முகேஷ். அவன் குரலில் கேலி இல்லை, வெறுப்பும் இல்லை. சட்டையின் நிறத்தைச் சொல்வது மாதிரிச் சொன்னான். அதுதான் எனக்குக் கலக்கமாக இருந்தது.

அந்தப் புதுப் பிள்ளைகளில் ஒருத்திதான் சுனிதா. நாலாம் வகுப்பு. அவளும் பீகார்தான். அப்பா பனியன் கம்பெனியில் அயர்ன் போடுகிறவர், அம்மா அங்கே தைத்த பனியனில் பழுது பார்க்கும் செக்கிங்கில். சும்மா வட்டலில் சோறு போட்டால் பிசைந்துகொண்டே இருப்பாள், வாயில் வைக்க மாட்டாள். எங்கள் சமையல் பொறுப்பு மரியபுஷ்பத்திடம் இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, பிள்ளைகள் சாப்பிடாவிட்டால் அதைத் தனக்குச் செய்த அவமரியாதையாக எடுத்துக்கொள்வாள். ஒரு நாள் மதுமிதா என்ற ஊர்ப் பிள்ளை காய்ச்சல் என்று வரவில்லை. மரியபுஷ்பம் மதுமிதாவின் தட்டை எடுத்து அதில் சுனிதாவுக்குச் சோறு போட்டுவிட்டாள். சுனிதா முழுக்கச் சாப்பிட்டு, மறுசோறும் கேட்டாள்.

மறுநாள் காலையில் மதுமிதாவின் அம்மா செல்வி பள்ளிக் கேட்டருகில் நின்றாள். கூட மூன்று நான்கு அம்மாக்கள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க டீச்சர். எம் புள்ளை பேரு வெட்டுன வட்டல்ல ஆரோ சாப்பிட்டாங்களாமா. நாங்க ஒண்ணுஞ் சொல்லலீங்க. அவிய என்ன திம்பாங்களோ, எப்படி இருப்பாங்களோ, நமக்குத் தெரியாதில்லீங்க."

எங்கள் ஊர் மரியாதையில் ஒருவரைத் திட்டினால், திட்டு வாங்கியவருக்கு அது புரியவே சாயங்காலம் ஆகும். எனக்கு உடனே புரிந்தது. வட்டலை இனி தினமும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள். அது முடியாதென்றால் டி.சி. வாங்கிக்கொள்வோம் என்றார்கள். மரியபுஷ்பம் உள்ளேயிருந்து கரண்டியோடு வந்தாள்.

"பசிச்ச பிள்ளய எப்படிம்மா பாத்துக்கிட்டு நிக்க? நாந்தான் எடுத்துக் குடுத்தேன். என்னயத் திட்டுங்க. டீச்சர என்ன சொல்லுதீங்க?"

அவளை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பினேன். தண்ணீர்க் குழாயருகில் சுனிதா நின்றுகொண்டிருந்தாள். வந்த கொஞ்ச நாளிலேயே தமிழ் நன்றாகப் புரிய ஆரம்பித்திருந்தது அவளுக்கு. அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

லைன் வீட்டில் பெரியவர்களை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும். போனேன். அறைக்குள் சுனிதா தம்பிக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அம்மா தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

"பாப்பா வராது மேடம். தம்பி சின்னது. இது பாத்துக்கும். அங்கே எல்லாருக்கும் பேர் இருக்கு. இதுக்கு பேர் இல்லே."

எனக்கு அவமானமாக இருந்தது. இன்னொரு பக்கம் பயமாகவும் இருந்தது. இந்த ஊரில் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்ற பெண்பிள்ளை மறுபடி பள்ளிக்கு வருவது எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் வளர்ந்ததும் பனியனில் பிசிர் நூல் வெட்டக் கம்பெனிக்குப் போய்விடுவாள், அதோடு சரி. அந்த லைனுக்குப் பக்கத்திலேயே அங்கன்வாடி இருந்தது. தம்பிக்கு அங்கே இடம் கேட்டு வாங்கிவிட்டேன். தம்பிக்கு வழி கிடைத்தது. ஆனால் சுனிதா வராததற்குத் தம்பி காரணமில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பள்ளியில் என் உடன் பணியாற்றிய இளம் ஆசிரியர் ஒரு யோசனை சொன்னார். எல்லாத் தட்டையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிடலாம், பழையபடி அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும் என்றார். பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் பணியிடம் போய்விடும் என்ற கவலை அவருக்கு. நியாயமான கவலைதான். ஆனால் பூட்டி வைத்தால் பீரோவுக்குள் போவது தட்டு மட்டும்தான். சும்மா வட்டல் என்ற பேர் வெளியேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

குமாரசாமி அண்ணனைப் பார்க்கக் கம்பெனிக்குப் போனேன். முழுவதும் கேட்டார். முகம் சிவந்துவிட்டது.

"செல்வி நம்ம செக்கிங்லதானுங்க இருக்குது. இப்பவே கூப்பிட்டு ரெண்டு வார்த்தை சொல்றேன். அப்புறம் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க."

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். குறுக்கு வழி அவ்வளவு சுலபமாகத் திறந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே எல்லாம் அடங்கியிருக்கும், எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வந்திருக்கும்.

"வேண்டாங்கண்ணா" என்றேன். "வேலைக்குப் பயந்துட்டு செல்வி சரிம்பா. ஊட்டுக்குப் போயி மககிட்ட என்ன சொல்லுவா? அந்தப் பீகார்ப் புள்ளையாலதான் எனக்கு இன்னைக்குப் பேச்சு வாங்க வேண்டியதாப் போச்சுன்னு சொல்லுவா."

அப்படியானால் புதுப் பிள்ளைகளுக்கும் பேர் வெட்டிவிடலாமே என்றார். வெட்டுங்கள், ஆனால் பொங்கல் முடிந்து இன்னும் சிலர் வருவார்கள், புது ஆர்டர் வந்தால் இன்னும் சிலர் வருவார்கள், நாம் எப்போதும் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்போம் என்றேன். "அப்ப அந்த மெஷினையே வாங்கி ஸ்கூல்ல வெச்சுடறேன். வந்த அன்னைக்கே வெட்டிக்கலாமுங்க" என்றார். முதலாளிகளிடம் எனக்குப் பிடித்த குணம் இது. போனவர்களின் தட்டுகளில் அவர்கள் பேருக்குக் கீழேயே புதுப் பேரை வெட்டுவது என்று அங்கேயே முடிவு செய்தோம்.

"இன்னொண்ணு இருக்குதுங்கண்ணா. இனிமே வட்டல் ஆருக்கும் சொந்தமில்லை. எல்லாம் ஒரே அடுக்கு. மேல இருக்கறதை எடுத்துக்க வேண்டியது. மொதல் நாள் நீங்க வந்து எங்ககூடச் சாப்படோணும். உங்களுக்கும் எது வருதோ அதுதான்."

அவர் உடனே சம்மதிக்கவில்லை. இதை மறைக்கக் கூடாது. விருந்துக்குப் போனால் வாழை இலையையே இரண்டு தடவை கழுவிக்கொள்கிறவர் அவர். மேஜை மேல் கிடந்த பனியன் சாம்பிளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் எழுந்துகொண்ட பிறகுதான், "புதன்கிழமை வர்றேனுங்க" என்றார்.

புதன்கிழமை வந்தார். முழங்கால் வலியோடு தரையில் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்தார். அடுக்கிலிருந்து அவருக்கு வந்த தட்டில் 'முகேஷ்' என்று இருந்தது. மரியபுஷ்பம் கரண்டியோடு நின்றாள். ஆசிரியர்கள் நின்றோம். அவர் அந்தப் பேரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளுக்குள் வேண்டாத சாமி இல்லை. பிறகு தலையைத் தூக்கி, "முகேஷ் ஆரு கண்ணு?" என்றார்.

முகேஷ் ஏதோ தப்பு செய்துவிட்டவனைப் போல எழுந்தான்.

"உன் வட்டல் எங்கிட்ட இருக்குது கண்ணு. உனக்கு ஆரு வட்டல் வந்துது?"

அவன் தன் தட்டைப் பார்த்து எழுத்துக் கூட்டி, "கார்த்திகா" என்றான். மூன்றாம் வகுப்புப் பக்கம் கார்த்திகா கையைத் தூக்கினாள். அவளுக்கு யாருடையது வந்தது என்று முகேஷ் கேட்டான். அவள் பார்த்துச் சொன்னாள். அவ்வளவுதான், யாரும் உத்தரவு போடாமலே பிள்ளைகள் எழுந்து தங்கள் கையிலிருந்த தட்டின் ஆளைத் தேடிக்கொண்டு போனார்கள். சாம்பார் ஆறிப்போனது என்று மரியபுஷ்பம் சாயங்காலம் வரை முணுமுணுத்தாள். பள்ளிக்குப் புது வழக்கம் ஒன்று கிடைத்தது. யார் தட்டு வந்ததோ அவரைத் தேடிப் போக வேண்டும், ஏதாவது ஒன்று கேட்க வேண்டும். இதை நான் கண்டுபிடிக்கவில்லை. குமாரசாமி அண்ணன் சங்கடத்தில் கேட்ட கேள்வி அது.

சுனிதா இன்னும் வரவில்லை. ஆனால் இசக்கிராஜா என்ற, ஊருக்கே திரும்பிப் போய்விட்ட பையனின் தட்டில் அவன் பேருக்குக் கீழே 'சுனிதா' என்று வெட்டி அடுக்கில் வைத்திருந்தோம். அந்தத் தட்டு கிடைத்த பிள்ளை வந்து, "சுனிதாவைக் காணோமுங்க டீச்சர், என்ன பண்றது?" என்று கேட்டது. வழக்கம் என்றால் வழக்கம்தான், அவள் வீடு லைனில் இருக்கிறது என்றேன். சாயங்காலம் அந்தப் பிள்ளை லைன் வீட்டுக்குப் போய், "இன்னைக்கு உன் வட்டல்லதான் சாப்பிட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தது. அடுத்த நாள் வேறொரு பிள்ளை போனது. அதற்கடுத்த நாள் இன்னொன்று. ஒரு திங்கட்கிழமை காலையில் சுனிதாவின் அம்மா, வேலைக்குப் போகிற அவசரத்தில் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"டெய்லி ஒரு ஆள் வருது மேடம். பேர் இருக்கு சொல்லுது. பாப்பா பாக்கணும் சொல்லுது."

சுனிதாவிடம் தட்டைக் காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தாள். "மேல யாரு?" என்றாள். இசக்கிராஜாவைப் பற்றி அவனோடு படித்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். அவன் நன்றாக விசில் அடிப்பானாம். அன்று மதியம் தட்டை அடுக்கில் வைக்க அவளுக்கு மனமே இல்லை, ஆனாலும் வைத்தாள்.

மதுமிதாவின் தட்டு மட்டும் தினமும் பைக்குள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது, நான் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் இல்லை. கொஞ்ச நாள் கழித்துச் செல்வி மறுபடி கேட்டருகில் நின்றாள். இந்தத் தடவை தனியாக. கையில் தட்டு.

"ஏனுங்க டீச்சர், இவளை ஒருத்தரும் தேடி வர மாட்டேங்கறாங்களாமா. ராத்திரியெல்லாம் ஒரே அழுகை. வட்டல் ஊட்டுல இருந்தா எப்படி வருவாங்கன்னு எங்கிட்டவே சண்டை." கொஞ்சம் நிறுத்தினாள். "இதையும் அதுங்களோடயே வெச்சுக்குங்க."

வாங்கி அடுக்கின் நடுவில் செருகினேன். அன்றைக்குச் செல்வி மனம் மாறிவிட்டாள் என்று நான் சொல்ல வரவில்லை. மகள் அழுததைத் தாங்க முடியாமல் வந்தாள். எனக்கு அது போதும். மனம் மெதுவாக வரட்டும், தட்டு முதலில் வரட்டும் என்று இருந்துவிட்டேன். இரண்டு குடும்பங்கள் டி.சி. வாங்கிக்கொண்டு போகவும் செய்தன. போனால் போகட்டும் என்று என்னால் சொல்ல முடியவில்லை, அந்த வீட்டுப் பிள்ளைகளும் என் பிள்ளைகள்தான். அந்தத் தட்டுகளையும் நாங்கள் அடுக்கிலேயே வைத்திருந்தோம்.

பிறகு வந்த வருடங்கள் என் பணிக்காலத்தில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த வருடங்கள். ஒரு மாதம் மட்டும் இருந்துவிட்டுப் போன பிள்ளைகளுக்குக்கூட, வந்த அன்றே எல்லோர் முன்னாலும் பேர் வெட்டினோம். ஆசிரியர்களுக்கும் தட்டு உண்டு, எனக்கும் உண்டு. என்னைத் தேடி வந்து பிள்ளைகள் கேட்ட கேள்விகளைக் கேட்டால் சிரிப்பீர்கள். டீச்சருக்குக் கணக்கு தெரியுமா என்று ஒன்றாம் வகுப்புப் பையன் கேட்டான்.

நான் ஓய்வு பெற்ற வருடம் சுனிதா எட்டாம் வகுப்பு முடித்தாள். விடைபெறும் நாளில் என் தட்டை நினைவாக எடுத்துக்கொண்டு போகலாம் என்று கையில் எடுத்தேன். சுனிதா வந்து அதை வாங்கி அடுக்கில் வைத்துவிட்டாள். அதற்குள் அவள் பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சாகவே ஆகியிருந்தது.

"உங்க வட்டல் இங்கயே இருக்கட்டுமுங்க டீச்சர். இல்லீன்னா உங்களை எப்படித் தேடுவாங்க? நீங்க என்னோடதை எடுத்துட்டுப் போங்க."

அப்படித்தான் இந்தத் தட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. உற்றுப் பார்த்தால் மேலே இசக்கிராஜாவின் பேரும் தேய்ந்து தெரியும்.

சென்ற வாரம் மதியம் மரியபுஷ்பத்தின் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் ஒரு சின்னக் குரல். பழக்கமில்லாத குரல்.

"டீச்சருங்களா? நான் மூணாவது படிக்கறனுங்க. உங்களுக்கு என்னையத் தெரியாதுங்க. இன்னைக்கு உங்க வட்டல் எனக்கு வந்துதுங்க."

சொல்லு கண்ணு என்றேன். ஒன்று கேட்க வேண்டுமே, அதற்காக அந்தக் குரல் யோசித்தது.

"நீங்க சாப்ட்டீங்களா?"

இனிமேல்தான் கண்ணு என்றேன். சரீங்க என்று வைத்துவிட்டது. சமையலறைக்குப் போய்த் தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சாப்பிட்டு முடித்ததும் கை கழுவிவிட்டுச் சுனிதாவுக்குப் போன் செய்தேன். அவள் தட்டு என்னிடம்தானே இருக்கிறது.